டுரியானும் மாத்திரையும்: பழி யார் மேல்?



டுரியான் பருவம் வந்துவிட்டால் லயத்துக் காற்றே மாறிவிடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெரும் பருவம். சில மாநிலங்களில் ஆண்டுக் கடைசியில் இன்னொரு சிறு பருவமும் உண்டு. கம்பத்திலிருந்து பழம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி, பழைய பத்திரிகையை விரித்து, பாராங் கத்தியால் பழத்தைப் பிளந்து பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். பாடுபட்டு உழைக்கிற நமக்கு அது ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. நானும் டுரியானை விரும்பிச் சாப்பிடுகிறவன்தான்.

ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் இரவு நேரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். "டிரஸ்ஸர் ஐயா, டுரியான் சாப்பிட்டாரு, சூடு ஏறிடுச்சு" என்கிறார்கள். தலை சுற்றலா? டுரியான் சூடு. நெஞ்சு வலியா? டுரியான் சூடு. மயக்கமா? அதுவும் டுரியான் சூடுதான். இப்படிப் பழத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தை யாரும் தேடுவதில்லை. அதனால் உயிருக்கே ஆபத்து வருகிறது. இந்த இதழில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். டுரியான் விஷமல்ல. அதோடு எதைச் சேர்க்கிறோம், சாப்பிடுகிறவருக்கு என்ன நோய், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஓர் இரவு நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், விடியற்காலை நாலு மணிக்கு ஓர் அக்கா ஓடி வந்தார். அவருடைய வீட்டுக்காரர் பால்மரம் வெட்டுகிறவர். வயது ஐம்பத்து நாலு. எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய். "எழுப்பினா எழும்பல ஐயா. என்னமோ உளறுறாரு. உடம்பெல்லாம் தண்ணியா வேர்க்குது" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். "டுரியானும் சம்சுவும் சேர்ந்து சூடு தலைக்கு ஏறிடுச்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் டுரியான் ஓட்டில் உப்புத் தண்ணீர் கரைத்து, அரை மயக்கத்தில் கிடந்த மனிதரின் வாயைத் திறந்து ஊற்றப் பார்த்தார். நான் அதைத் தடுத்து, விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன். 2.1 என்று காட்டியது. 4-க்குக் கீழே போனாலே அது தாழ்ந்த சர்க்கரை. 2.1 என்றால் மூளைக்கு வேண்டிய சர்க்கரை கிடைக்கவில்லை என்று பொருள். உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினேன். சிறிது நேரத்தில் கண் விழித்து, "என்னா இத்தனை பேரு நிக்கிறீங்க?" என்று கேட்டார். ஆம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். அங்கே இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

நடந்தது என்னவென்று பிறகு விசாரித்தேன். முந்தின நாள் சாயங்காலம் டுரியான் நிறையச் சாப்பிட்டிருக்கிறார். வயிறு நிரம்பிவிட்டதால் இரவுச் சோறு சாப்பிடவில்லை. "இன்னிக்கு இனிப்பு அதிகம், சர்க்கரை ஏறும்" என்று நினைத்து, ஒரு மாத்திரை சாப்பிட வேண்டிய இடத்தில் இரண்டு சாப்பிட்டிருக்கிறார். அதற்கு மேல் சிநேகிதர்களோடு சம்சு.

கணக்கைப் பாருங்கள். பழத்தில் உள்ள சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். அவர் சாப்பிட்ட கிளிபென்கிளமைட் மாத்திரையோ விடிய விடிய வேலை செய்யும். சர்க்கரை இறங்கும்போது நம்முடைய கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக் காப்பாற்ற வேண்டும். ஆனால் மது உள்ளே இருந்தால் கல்லீரல் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. சோறும் இல்லை. ஆகவே நாலு மணிக்கு அந்த மனிதரைக் கீழே தள்ளியது டுரியான் அல்ல. இரண்டாவது மாத்திரையும், சாப்பிடாத சோறும், குடித்த சம்சுவும்தான்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். வருகை டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அந்த மாத்திரையை அவர் கையில் கொடுத்தவன் நான்தான். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டோட" என்று சொல்லியிருந்தேன். சோறு சாப்பிடாத இரவில் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மாத்திரை கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

"சூடு" என்று எதைச் சொல்கிறோம்?

டுரியான் சாப்பிட்டால் உடம்பு கனகனவென்று இருப்பதும், வேர்ப்பதும், தொண்டை வறண்டு போவதும் பொய்யல்ல. அதற்குக் காரணம் உண்டு. நூறு கிராம் டுரியான் சுளையில் சுமார் 147 கலோரி இருக்கிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 27 கிராம், கொழுப்பு 5 கிராம். நூறு கிராம் என்பது நடுத்தரமான இரண்டு மூன்று சுளைதான். அந்த மூன்று சுளையில் உள்ள மாவும் சர்க்கரையும் நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் உள்ள மாவுக்குச் சமம். பத்துச் சுளை சாப்பிட்டவர் ஒரு பெரிய தட்டுச் சோறு சாப்பிட்டவருக்குச் சமம். அதிலும் வயிறாரச் சோறு சாப்பிட்ட பிறகு பத்துச் சுளை சாப்பிட்டால் இரண்டு சாப்பாடு ஒரே நேரத்தில் உள்ளே போகிறது. அதைச் செரிக்க உடம்பு பாடுபடுகிறது. அந்தப் பாடுதான் நாம் சொல்லும் சூடு.

நோயில்லாத, நன்றாக உழைக்கிற ஆளுக்கு இது பெரிய விஷயமல்ல. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும். ஆனால் நம் சமூகத்தில் நோயில்லாதவர்கள் எத்தனை பேர்? 2019ஆம் ஆண்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்த நாட்டில் பெரியவர்கள் நூற்றுக்கு 18 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். பத்திரிகையை விரித்து டுரியானைச் சுற்றி உட்காருகிற பத்துப் பேரில் மூன்று பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம். அந்த மூவரில் ஒருவருக்குத் தெரியாமலேயே இருக்கலாம்.

டுரியானும் மதுவும்

டுரியானோடு குடிக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. இதில் பொருள் இருக்கிறது.

நாம் குடிக்கும் மது கல்லீரலில் முதலில் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. பிறகு இன்னொரு நொதி அந்த நச்சை உடைத்துத் தீங்கில்லாத பொருளாக மாற்றுகிறது. டுரியானுக்கு அந்த மணத்தைக் கொடுப்பது அதிலுள்ள கந்தகப் பொருள்கள். ஜப்பானில் சுக்குபா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், டுரியான் சாறு அந்த இரண்டாவது நொதியின் வேலையை நூற்றுக்கு எழுபது பங்கு வரை தடுத்தது. அது ஆய்வுக்கூடத்துச் சோதனை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததல்ல. ஆனாலும் நச்சு உடையாமல் உடம்பில் தங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இதய நோய் உள்ளவருக்கு இது விளையாட்டல்ல.

ஆகவே சம்சுவோ பீரோ கள்ளோ எதுவானாலும், டுரியான் சாப்பிட்ட அன்று வேண்டாம். "ஒரு பாட்டில் பீரு, குளுகுளுன்னு சூட்டைத் தணிக்கும்" என்பவர்கள் உண்டு. பீர் சில்லென்று இருக்கிறது என்பதற்காக அது சூட்டைத் தணிக்காது. உள்ளே போனால் அதுவும் மதுதான்.

"தணிக்கிற" பொருள்கள்

டுரியான் சாப்பிட்டுவிட்டு அதன் சூட்டைத் தணிக்க நாம் பலவற்றைச் சாப்பிடுகிறோம். என் அனுபவத்தில், டுரியானைவிட இந்தத் தணிக்கும் பொருள்களே நோயாளிகளுக்கு அதிகத் தொந்தரவு கொடுக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மங்குஸ்தான்: டுரியான் ராஜா, மங்குஸ்தான் ராணி, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மங்குஸ்தானில் நீர்ச்சத்து அதிகம். நாக்குக்கு இதமாக இருக்கும். அவ்வளவுதான். அதிலும் சர்க்கரை உண்டு. டுரியானில் ஏறிய சர்க்கரையை மங்குஸ்தான் இறக்காது. மேலும் கொஞ்சம் ஏற்றும். சர்க்கரை நோயாளி "மங்குஸ்தான் சாப்பிட்டாச்சு, பயமில்லை" என்று நினைக்கக் கூடாது.

ஓட்டில் உப்புத் தண்ணீர்: டுரியான் ஓட்டில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் குடிப்பது பழைய வழக்கம். தண்ணீர் நல்லது. உப்பு யாருக்கு? இரத்த அழுத்த நோயாளிக்கும், காலும் முகமும் வீங்குகிற இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் அந்த உப்பு கெடுதல். ஓடு இருக்கட்டும், வெறும் தண்ணீர் போதும்.

இனிப்புப் பானம்: டுரியானும் கோலாவும் சேர்ந்தால் விஷமாகும், ஆள் செத்துப் போவான் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படி விஷம் எதுவும் உண்டாவதில்லை. ஆனால் ஒரு டின் பானத்தில் நாலு முதல் எட்டுத் தேக்கரண்டி வரை சர்க்கரை இருக்கும். டுரியான் மேல் அதை ஊற்றுவது எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைப்பது போன்றது. டுரியானைப் புளுட் அரிசியோடும் தேங்காய்ப் பாலோடும் சேர்த்துச் சாப்பிடுவதும் அப்படித்தான்.

இளநீர்: இதைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். இளநீர் நல்ல பானம். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்து. காரணம் பொட்டாசியம் என்னும் சத்து. நூறு கிராம் டுரியானில் சுமார் 430 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. இது வாழைப்பழத்தில் உள்ளதைவிட அதிகம். ஓர் இளநீரில் அதைவிடவும் கூடுதலாக இருக்கும். நல்ல சிறுநீரகம் தேவைக்கு மேற்பட்ட பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. பொட்டாசியம் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் கை கால் தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், திடீரென்று இதயம் நின்றும் போகலாம். வலி இருக்காது, முன் எச்சரிக்கையும் இல்லாமல் போகலாம். டுரியான் சாப்பிட்டு, அதைத் தணிக்க இரண்டு இளநீர் குடித்தால், சிறுநீரக நோயாளி ஒரே வேளையில் இரண்டு பக்கமும் பொட்டாசியத்தை ஏற்றிக்கொள்கிறார்.

பெலிம்பிங் பழம்: நட்சத்திரப் பழம் என்றும் சொல்வார்கள். இது குளிர்ச்சி, இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சாறு பிழிந்து குடிக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. இதில் ஆக்சலேட் என்னும் பொருள் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோடு மூளையைத் தாக்கும் ஒரு நச்சும் உண்டு. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்து, கேரம்பாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் செய்கிறவருக்குப் பாதிப் பழம்கூடப் போதும். முதலில் விக்கல் வரும். தண்ணீர் குடித்தாலும் நிற்காது. பிறகு பேச்சுக் குழறும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். சிறுநீரக நோயாளி பெலிம்பிங் சாப்பிட்ட பிறகு விக்கல் வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். என்ன பழம் சாப்பிட்டார் என்றும் அங்கே சொல்ல வேண்டும்.

மாத்திரைப் பையை எடுத்துப் பாருங்கள்

இப்போது மருந்துக்கு வருவோம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பையை எடுத்து மேலே எழுதியிருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

சர்க்கரை நோய் மாத்திரையில் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் என்று இருந்தால், அது சாப்பாட்டோடு சேர்ந்தே போக வேண்டிய மாத்திரை. சாப்பாடு இல்லாத வேளையில் அந்த வேளை மாத்திரையும் வேண்டாம். பழம் சாப்பிட்டோமே என்று இரண்டாகச் சாப்பிடுவது பெரும் தவறு. இன்சுலின் போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மெட்ஃபோர்மின் மாத்திரை தனியாகச் சர்க்கரையை அவ்வளவு தாழ்த்தாது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர் நிறையக் குடித்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "பழமும் சூடு, மாத்திரையும் சூடு, ரெண்டும் சேரக்கூடாது" என்று சொல்லி, பருவம் முடியும்வரை மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டுரியானும் சாப்பிட்டு மாத்திரையும் நிறுத்தினால் சர்க்கரை கண்டபடி ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் சோர்வு, பிறகு மயக்கம். காலில் ஒரு சிறு முள் குத்தினாலும் ஆறாது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முள் குத்தாத நாள் உண்டா? ஒன்றை விட வேண்டுமானால் பழத்தை விடுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

இரத்த அழுத்த மாத்திரையில் பெரிண்டோப்ரில், எனலாப்ரில், லோசார்டன் போன்ற பெயர்கள் இருக்கலாம். இதய நோயாளிகளுக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுப்பார்கள். இவை நல்ல மருந்துகள். ஆனால் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும் குணம் இவற்றுக்கு உண்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் இரண்டு சுளை சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகமும் பழுது, இந்த மாத்திரையும் உண்டு, டுரியானும் இளநீரும் சேருகிறது என்றால் அங்கேதான் ஆபத்து. உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த தடவை கிளினிக்குப் போகும்போது இரத்தப் பரிசோதனையின் முடிவைக் கேளுங்கள். "என் கிட்னி எப்படி இருக்கு?" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பனடோலும் டுரியானும் சேர்ந்தால் ஆபத்து என்றும் பலர் கேட்கிறார்கள். பனடோலில் பார்க்க வேண்டியது எத்தனை மாத்திரை என்பதைத்தான். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை, ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. ஒரு நாள் முழுதும் எட்டுக்கு மேல் போகக் கூடாது. தலைவலி போகவில்லை என்று கணக்கில்லாமல் விழுங்கினால், அதிலும் குடித்துவிட்டு விழுங்கினால், கல்லீரல் கெடும். டுரியான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது ஒன்றுதான்.

பழத்தின் மேல் பழி போடக்கூடாத அடையாளங்கள்

டுரியான் சாப்பிட்ட அன்று நோய் வந்தால் அது டுரியானால்தான் வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். கீழே சொல்லும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் உப்புத் தண்ணீரைத் தேடாமல் 999-க்குப் போன் செய்யுங்கள். அல்லது கிடைத்த வாகனத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடு நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தது போன்ற வலி. அது கைக்கோ தாடைக்கோ பரவுவது. அதோடு குளிர்ந்த வேர்வை. இது மாரடைப்பின் அடையாளம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் வேர்ப்பதும் மட்டும் இருக்கலாம்.

ஒரு பக்க வாய் கோணுவது, ஒரு கையோ காலோ தளர்வது, பேச்சுக் குழறுவது. இது மூளையில் இரத்த ஓட்டம் கெட்டதன் அடையாளம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

குடித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கண் மங்கலாவது, கடுமையான வயிற்று வலி, மூச்சு வாங்குவது. இது கலப்பட மதுவில் உள்ள மெத்தனால் விஷமாக இருக்கலாம். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் அப்படிப்பட்ட மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "டுரியானோடு குடிச்சான், அதான்" என்று படுக்க வைத்துவிட்டால் கண்ணும் போகும், உயிரும் போகும். உடனே கொண்டு போனால் மருந்து உண்டு.

சர்க்கரை நோயாளிக்குக் கை நடுக்கம், வேர்வை, கடும் பசி, உளறல், காரணமில்லாத கோபம். இது தாழ்ந்த சர்க்கரை. விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்த பிறகு சோறோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டும். தெளிந்துவிட்டாரே என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரையின் வேகம் இன்னும் இருக்கும். சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, உடனே ஆளை அழைக்க வேண்டும்.

அப்படியானால் யார் எவ்வளவு சாப்பிடலாம்?

நோயில்லாதவர்கள் ஒரு வேளைக்கு நாலைந்து சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் சிறிய சுளை இரண்டு சாப்பிடலாம். அன்றைக்கு அந்த வேளைச் சோற்றில் ஓர் அகப்பையைக் குறையுங்கள். ஆனால் சோற்றை அடியோடு விடாதீர்கள். மாத்திரை எப்போதும் போல. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பழம் அடுத்த பருவத்திலும் காய்க்கும்.

சிறுநீரகம் பழுதானவர்களும் டயாலிசிஸ் செய்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் டுரியானும் இளநீரும் சாப்பிடக் கூடாது. பெலிம்பிங் பழம் எப்போதும் கூடாது.

மது யாருக்கும் டுரியானோடு வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது பெரும்பாலும் உங்களுக்குத்தான் தெரியும். பழம் பிளக்கும்போது, "மாமா, உங்களுக்கு ரெண்டு சுளைதான்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். சங்கத் தோழர்களும் தங்கள் லயத்தில் சர்க்கரை, சிறுநீரக நோயாளிகள் யார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பருவத்துக்கு முன்பே இந்தச் செய்தியை அவர்கள் காதில் போட வேண்டும். கூலிக்காகவும் வீட்டுக்காகவும் ஒற்றுமையாக நின்றவர்கள் நாம். ஒருவரை ஒருவர் இப்படிப் பார்த்துக்கொள்வதும் அந்த ஒற்றுமையைச் சேர்ந்ததுதான்.

நான் சொன்ன அந்தப் பால்மரம் வெட்டும் அண்ணன் நலமாக இருக்கிறார். போன பருவத்தில் சந்தித்தபோது, "ரெண்டு சுளை, அதுக்கு மேல இவ கொடுக்க மாட்டேங்கிறா" என்று மனைவியைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டார். அந்த அக்கா படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை டின்னும் தேக்கரண்டியும் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "நாலு மணிக்கு மறுபடியும் ஓடி வர முடியாது ஐயா" என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கட்டும்.